நின்று எடுத்த படம்

மகாளய அமாவாசையன்று காலை பதினொரு மணிக்கு, பெஹாலாவில் எங்கள் வீட்டுக் கூடத்தில், கொலுவின் மூன்றாவது படியிலிருந்து விழுந்தேன். விழுந்தேன் என்று சொல்வதுகூட சரியில்லை. படிதான் விழுந்தது, நான் அதோடு கூடப் போனேன்.

கொலுவுக்கென்று படி செய்து வைத்துக்கொள்ளும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. என் அப்பா மாற்றல் உத்தியோகக்காரர். எந்த நேரமும் ஊரைக் காலி செய்ய வேண்டிவரும் என்று பயந்து பயந்தே கொல்கத்தாவில் நாற்பது வருஷம் இருந்தார். பெட்டிதான் படி என்பது அவர் காலத்திலேயே ஏற்பட்டுவிட்ட சம்பிரதாயம். கீழே இரண்டு இரும்பு டிரங்குப் பெட்டிகள், அவற்றின் மேல் ஒரு மரப்பெட்டி, அதற்கும் மேல் சூட்கேஸ், எல்லாவற்றையும் மூட ஒரு வெள்ளை வேட்டி. பார்க்கிறவர்களுக்குப் படி மாதிரியே இருக்கும். பொம்மைகளுக்கு அது போதும். அதன்மேல் ஆள் ஏறக் கூடாது.

நான் ஏறினேன். சீரியல் பல்பை ஜன்னல் கம்பியில் மாட்ட ஒரு முழம் எட்டவில்லை. ஸ்டூல் பக்கத்து அறையில் இருந்தது. அதைப் போய் எடுத்துவர எனக்குப் பொறுமையில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், என் பிழைப்பே பாரம் தாங்குகிற சாமான்களைச் சோதிப்பதுதான். துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கும் கொக்கி, சங்கிலி, கம்பிக்கயிறு, கிரேன் எல்லாவற்றையும் ஒரு சிறிய கம்பெனிக்காகச் சோதித்துச் சான்றிதழ் எழுதுகிறவள் நான். இருபத்திரண்டு வருஷமாகக் கிரேன் ஏணிகளில் ஏறி இறங்குகிறேன். ஒரு கொக்கியில் மயிரிழை விரிசல் இருந்தால் அன்றைய வேலையையே நிறுத்திவிடுவேன். அப்படிப்பட்டவள் வீட்டில் சூட்கேஸ் மேல் ஏறி நின்றாள்.

சூட்கேஸ் வழுக்கியது. வலது காலின் விரல்கள் இரண்டு டிரங்குப் பெட்டிகளுக்கு நடுவே இறங்கின, குதிகால் மேலே நின்றது, அப்படி மடங்கிய பாதத்தின் மேல் என் முழு எடையும் வந்து உட்கார்ந்தது. உள்ளே ஏதோ டக்கென்றது. தலைக்கு மேலே செட்டியார் பொம்மை ஆடி, ஆடி, விழாமல் நின்றுகொண்டது.

வீட்டிலிருந்தபடி ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த என் கணவர் காதில் மாட்டியதைக் கழற்றாமலேயே ஓடிவந்தார்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

"எந்திரி பாப்போம்."

"ஒண்ணுமில்லங்கறேன்ல. மொதல்ல அந்தப் பொம்மையப் புடிங்க."

இந்த 'ஒண்ணுமில்ல' என்னிடம் எப்போதும் தயாராக இருக்கும். பெண்பிள்ளை ஏணி ஏறுவாளா என்று சிரித்த துறைமுக யார்டில் முதல் நாளே கை சிராய்த்துக்கொண்டபோது சொல்ல ஆரம்பித்தது. அங்கே வலிக்கிறது என்று ஒரு தடவை சொன்னால் மறுநாள் நாற்காலி போட்டுவிடுவார்கள்.

நாற்காலி என்று நான் சொல்வது நிஜமான ஒரு நாற்காலியை. எங்கள் ஆபீஸில் சான்றிதழ்களைத் தட்டச்சு செய்கிற மேஜை ஒன்று உண்டு, அதன் நாற்காலி ஆறு மாதமாகக் காலி. என்னை அதில் உட்கார வைக்க ஆள் மாற்றி ஆள் முயன்றிருக்கிறார்கள், என் கணவர் உள்பட. விழுந்த அன்றே முதலாளி போனில் மிகவும் கனிவாகப் பேசினார். கால் சரியில்லையென்றால் கவலை வேண்டாம், மேஜை வேலை இருக்கிறது, இனி ஏணி ஏற வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். காலைவிட அந்தக் கனிவுதான் வலித்தது.

மத்தியானம் தெருமுனை எக்ஸ்ரே சென்டருக்குப் போனோம். துர்கா பூஜைக்கு முன் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள வேண்டும் என்று ஊரே அங்கே நின்றது. படம் எடுப்பவர் என் காலைப் பார்த்து, நிற்க முடியுமா என்று வங்காளத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். அவருடைய வங்காளம் பத்து வருஷமாகியும் மளிகைக் கடையைத் தாண்டவில்லை, ஆனாலும் அன்று சரளமாக வந்தது. பாவம், அவளால் நிற்கவே முடியாது, படுக்கவைத்தே எடுத்துவிடுங்கள் என்றார். அன்பாகத்தான் சொன்னார். நானும் அந்த ஒரு தடவை ஏறிப் படுத்துக்கொண்டேன்.

படத்தில் எலும்பெல்லாம் ஒழுங்காக இருந்தது. பக்கத்துத் தெரு டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வலி எப்படி என்று கேட்டார். ஒன்றுமில்லை, வீக்கம்தான் என்றேன். "மோச்கே கெச்சே," என்றார். சுளுக்குதான், ஐஸ் வையுங்கள், கட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், பூஜை முடிவதற்குள் சரியாகிவிடும். கேட்டதும் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். முதலாளிக்கு அங்கேயே செய்தி அனுப்பினேன்.

சாயங்காலம் கீழ்வீட்டு பௌதி வந்தார். பௌதி என்றால் அண்ணி, ஆனால் எங்கள் கட்டிடத்தில் எல்லோருக்கும் அவர் பௌதிதான். கையில் சின்ன வாணலி, அதில் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துச் சுடவைத்த பத்து. வங்காளிகளுக்குச் சுளுக்கென்றால் இதுதான். சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவந்துவிடும், நம் ஆரத்தித் தட்டின் நிறம். என் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு மேலும் கீழும் பூசினார். மறுநாள் என் மாமியார் கும்பகோணத்திலிருந்து போனில் புளியும் உப்பும் கரைத்துப் போடச் சொன்னார். இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ள முடியாது. ஒரு நாள் வங்காளம், ஒரு நாள் தமிழ்நாடு என்று என் கால் பத்து நாளும் மாறி மாறிச் சிவப்பிலும் பழுப்பிலும் ஊறியது. உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பார்த்திருந்தாலும் மஞ்சள்தான் தெரிந்திருக்கும்.

சும்மா இருப்பது எனக்கு வராது. பஸ் நிறுத்தத்தில்கூட இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பவள் நான். இப்போது காலைத் தலையணை மேல் தூக்கிவைத்துக்கொண்டு ஜன்னலோரம் கிடந்தேன். எதிரே பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெறுங்காலோடு மூன்று மாடி உயரம் ஏறுகிறார்கள். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மூங்கிலைக் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் கயிறு முறுக்குகிறார்கள். அவர்கள் முடிச்சுகளை நான் எண்ணினேன். ஒரு முடிச்சு தளர்வாக இருப்பதாகப் பட்டு, ஜன்னலிலிருந்து கத்தினேன். மேலே இருந்தவர் சிரித்துவிட்டு அதன்மேல் ஏறி நின்று குதித்துக் காட்டினார். முடிச்சு அசையவில்லை. எனக்கு அவர் மேல் பொறாமையாக இருந்தது.

சஷ்டியன்று தாக் மேளம் ஆரம்பித்தது. தெருவே எழுந்து நடந்தது, நான் மட்டும் இல்லை. சப்தமியன்று யாரும் பார்க்காதபோது கூடத்தை நாலு முறை சுற்றிவந்தேன். குதிகாலை ஊன்றி நடந்தால் சமாளிக்க முடிந்தது. பாதத்தின் முன்பக்கம் எடை வந்தால் மட்டும் நடுவில் கத்தி வைத்ததுபோல் இருந்தது. எனவே முன்பக்கத்துக்கு எடையே தராமல் நடக்கக் கற்றுக்கொண்டேன். கணவர் கேட்டபோது, நடக்கிறேனே, பார்க்கவில்லையா என்றேன். சுண்டல் வாங்க வந்தவர்களிடமும் அப்படியே காட்டிக்கொண்டேன்.

விஜயதசமி ராத்திரிக்கு வழக்கம்போல ஒரு பொம்மையைப் படுக்கவைத்தார் கணவர். "ஒனக்குத் துணை," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கு மறுநாள் காலையில் காப்பிப்பொடி டப்பாவை எடுக்க அலமாரியில் எட்டினேன். இடது காலில் எழும்பினேன், உடம்பு தன்பாட்டில் வலது காலையும் எழுப்பப் பார்த்தது. எழும்பவில்லை. வலி இருக்கட்டும், அந்தக் கால் எழும்பவே இல்லை. சொன்னதைக் கேட்காமல் தரையோடு நின்றது. அடுப்படியில் ஒற்றைக்காலில் நின்றபடி இன்னும் இரண்டு தடவை முயன்றேன். ஏணியில் ஒவ்வொரு படிக்கும் நான் செய்கிற காரியம் இதுதான், முன்பாதத்தை வைத்து எழும்புவது. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

காளிகாட்டில் பாதத்துக்கென்றே பார்க்கிற ஒரு டாக்டர் இருப்பதாக பௌதிதான் விசாரித்துச் சொன்னார். பூஜை முடிந்து அவர் அறை திறந்த முதல் நாளே போனோம். வழியெங்கும் பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், மூங்கில் ஏற்றிய வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. நான் காரில் உட்கார்ந்து எல்லோரையும் திட்டிக்கொண்டு வந்தேன்.

டாக்டருக்கு அறுபது வயதிருக்கும். அதிகம் பேசாதவர். பழைய எக்ஸ்ரேவை மேஜையில் வைத்தார், பார்க்கவில்லை. கால் கட்டைப் பிரித்தார். என் சிவந்த பாதத்தைப் பார்த்து, "ஆல்தா போட்டிருக்கீங்களா?" என்றார் வங்காளத்தில். இங்கே பெண்கள் பூஜைக்குக் காலில் பூசும் சிவப்புச் சாயம் அது. இல்லை, சுண்ணாம்பும் மஞ்சளும் என்றேன். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அவரே துடைக்க ஆரம்பித்தார். பெரியவர் காலைத் தொடுகிறாரே என்று நான் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை. மேலே துடைத்தார், சிவப்பு போயிற்று. விரலிடுக்கில் துடைத்தார், போயிற்று. பாதத்தைத் திருப்பி உள்ளங்காலைத் துடைத்தார். நடுவில் ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக மஞ்சளும் பச்சையுமாக ஒரு கறை மட்டும் போகவில்லை. இன்னொரு பஞ்சு எடுத்தார். அப்போதும் போகவில்லை.

"இது மஞ்சள் இல்ல, தீதி," என்றார், அக்கா என்கிற மரியாதையோடு. "இது ரத்தம் கட்டினது. பத்துப் பன்னெண்டு நாள் ஆனதால நிறம் மாறியிருக்கு. வெறும் சுளுக்குல உள்ளங்கால் நடுவுல ரத்தம் கட்டாது."

பிறகு பழைய படத்தை எடுத்து வெளிச்சப் பலகையில் மாட்டினார்.

"படுத்துக்கிட்டு எடுத்தீங்களா?"

கணவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்றேன்.

"பாதத்து எலும்புகளுக்கு நடுவுல ஒரு கட்டு இருக்கு. அது அறுந்திருந்தாலும் படுத்திருக்கறப்ப எலும்பெல்லாம் நல்லபிள்ளையா அதது எடத்துல இருக்கும். எடை ஏறினாத்தான் விலகும். நின்னு எடுக்கணும். ரெண்டு காலையும் சேர்த்து."

என் முகத்தில் ரத்தம் ஏறியது. யார்டில் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் இதுதானே. தொங்குகிற கொக்கியைப் பார்த்துச் சான்றிதழ் எழுதாதே, எடை மாட்டு, தூக்கு, நிறுத்தி வை, அப்புறம் பார். கண்ணுக்கு நன்றாக இருக்கிறது என்று சொன்ன ஒருவரை ஒரு தடவை எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் என் காலுக்கு எடையில்லாத சோதனையை வைத்து, தேறிவிட்டது என்று முதலாளிக்குச் செய்தியும் அனுப்பியிருக்கிறேன். யார் மேலாவது கோபப்பட வேண்டும்போல இருந்தது. கணவரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கோபம் திரும்பி என் மேலேயே வந்தது.

மரப்பலகை மேல் ஏறி நின்றேன். இரண்டு காலுக்கும் சரிசமமாக எடை கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டேன், சத்தம் வரவில்லை, ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. புதுப் படத்தில் இடது கால் பழைய படம் மாதிரியே ஒழுங்காக இருந்தது. வலது காலில் கட்டைவிரல் எலும்பும் அடுத்த எலும்பும் தொடங்குகிற இடத்தில், ஒரு அரிசி நுழையும் அளவு இடைவெளி. டாக்டர் பேனா முனையால் அதைக் காட்டினார். ஸ்கேனும் அதையே சொன்னது. ஆபரேஷன் செய்து தகடும் திருகாணியும் போட்டு எலும்புகளைச் சேர்த்து வைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் பாதம் அப்படியே சரிந்துவிடும் என்றார்.

"ஏணி ஏறலாமா, டாக்டர்?"

"மொதல்ல நடக்கணும்."

"நடப்பேன். ஏணி?"

அவர் மருந்துச்சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். பேசாதவர்களிடம் இதுதான் தொல்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு எட்டு வாரம் வலது காலைத் தரையில் வைக்கக் கூடாது. நான் எப்படி இருந்தேன் என்பதை என் கணவரிடம் கேட்டால்தான் முழுதும் தெரியும். வாக்கரை வைத்துக்கொண்டு வீடெல்லாம் தத்தித் தத்திப் போய், அவர் மடித்த துணியைத் திரும்ப மடித்தேன். சால்ட் லேக் ஆபீஸுக்கு அவர் கிளம்பியதும் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று பஸ்ஸில் இருக்கும்போதே போனில் கேட்டேன். ஒரு நாள் அவர் பொறுக்காமல், "அந்த மேஜை வேலைக்கு ஒத்துக்கயேன். காலும் பொழைக்கும், நானும் பொழைப்பேன்," என்றார். மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

பௌதி வருவது நின்றுபோயிருந்தது. தன் பத்துதான் காயத்தை மறைத்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் வாசலில் நின்று, புது வெல்லத்தில் செய்த பாயசத்தைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு என் காலைப் பார்க்காமலேயே திரும்பினார். நான் வாக்கரோடு வாசல்வரை போய்க் கூப்பிட்டேன். "பௌதி, நீங்க பூசினது தப்பில்ல. கேக்கறவங்க எல்லார்கிட்டயும் ஒண்ணுமில்லன்னு சொன்னது நான்தான்," என்றேன். அவர் உள்ளே வந்து உட்கார்ந்து அழுதார். அப்புறம் டிவி பார்த்தோம்.

கால் ஊன்ற அனுமதி வந்ததும் வைத்தியம் குழந்தை விளையாட்டு மாதிரி ஆயிற்று. தரையில் துண்டைப் போட்டுக் கால்விரலால் சுருட்ட வேண்டும். பாட்டிலை உள்ளங்காலால் உருட்ட வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு முன்பாதத்தில் எழும்ப வேண்டும். ஐந்து முறை என்றால் பத்து முறை செய்தேன், வீங்கியது, வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாசி பிறந்தபோது செருப்பில்லாமல் கூடத்தைச் சுற்றினேன். பங்குனியில் பஸ் நிறுத்தம்வரை நடந்தேன். நின்று எடுத்த படத்தில் இடைவெளி இல்லை. காளிகாட் டாக்டர் முதல்முறையாகச் சிரித்து, ஏணி ஏற முடியுமா என்பதை ஏறிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றார்.

சித்திரை ஆரம்பத்தில் எங்கள் கம்பெனி டாக்டரிடம் தகுதிச் சான்றிதழ் வாங்கப் போனேன். அவர் யார்டில் ஒரு சிறிய அறையில் வாரம் ஒரு நாள் உட்காருவார். கணவரும் லீவு போட்டுக் கூட வந்தார். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் பாதத்தைக் குனிந்து பார்த்தார். தழும்பு நன்றாக ஆறியிருக்கிறது, வலி உண்டா என்றார். ஒன்றுமில்லை என்றேன். உயரத்தில் ஏறி வேலை செய்யத் தகுதி என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி நீட்டினார். ஆறு மாதமாக நான் நினைத்துக்கொண்டிருந்த காகிதம். என் கையில் இருந்தது.

வெளியே வந்ததும் கணவர், "கெடச்சிருச்சுல்ல. வா, போலாம்," என்றார். மேஜை மேஜை என்று மல்லுக்கு நின்ற மனிதர், என் முகத்துக்காக அவரும் இந்தக் காகிதத்தை விரும்ப ஆரம்பித்திருந்தார். அதுவே எனக்குத் தாங்கவில்லை.

எதிரில் பயிற்சிக்காக நிறுத்திய ஏணி இருந்தது. இருபது படி. உட்கார்ந்த காலைப் பார்த்து எழுதிய காகிதம் என் கையில். இப்படி ஒரு சான்றிதழை வேறு யாராவது என்னிடம் கொண்டுவந்தால் நான் என்ன செய்வேன் என்பது எனக்குத் தெரியும். காகிதத்தைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு ஏறினேன்.

ஏழு படி நன்றாக இருந்தது. எட்டில் பாதத்தின் நடுவில் லேசாகப் பிடித்தது. பதினொன்றில் வலது முன்பாதத்தை வைத்து எழும்பியபோது கால் நடுங்கியது, எழும்பினேன். பன்னிரண்டில் எழும்பவில்லை. காப்பிப்பொடி டப்பாவுக்கு எட்டிய அன்று நின்றதுபோலவே நின்றது. கையால் இழுத்து மேலே போயிருக்கலாம், கீழே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது. கொஞ்ச நேரம் அங்கேயே தொங்கினேன். ஆற்றில் ஒரு கப்பல் கிளம்பிக்கொண்டிருந்தது. அழுகை வந்தது, அழுதேன், உயரத்தில் யாருக்கும் கேட்காது. பிறகு ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

காகிதத்தை வாங்கிக்கொண்டு திரும்ப டாக்டர் அறைக்குப் போனேன். இதை ரத்து செய்யுங்கள், மூன்று மாதம் கழித்து ஏறிக் காட்டிவிட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். தேறாத கொக்கிக்கு நான் எழுதும் வாசகத்தையே எழுதச் சொன்னேன். இப்போது பணிக்கு ஏற்றதல்ல, மறுசோதனை தேவை. திங்கட்கிழமையிலிருந்து அந்த மேஜை, அந்த நாற்காலி.

வெளியே கணவர் ஏணியடியிலேயே நின்றிருந்தார். நான் அருகில் போனதும், பதில் தெரிந்தும் பழக்கத்தில் கேட்கிறவராக, "வலிச்சுதா?" என்றார்.

"வலிச்சுது," என்றேன்.